முப்பத்தைந்தாயிரம் பொதிகள், ஒரு பழைய சிப்

கையளவு கணினி – அத்தியாயம் 9

2012 பிப்ரவரி 29, கிரீன்விச் நேரப்படி காலை 6 மணி. ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. வந்த சூட்டிலேயே, அதை விற்க ஒப்புக்கொண்டிருந்த ஃபார்னெல், ஆர்.எஸ். காம்போனன்ட்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் படுத்துவிட்டன. தொழிற்சாலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் உதிரிப்பாகம் விற்றுப் பழகிய நிறுவனங்கள் அவை. இப்படியொரு கூட்டத்தை அவை பார்த்ததில்லை. முதல் தவணையில் தயாரானவை 10,000 போர்டுகள். ஆளுக்கு ஒன்றுதான் என்று கறாராகச் சொல்லியும், முதல் நாளிலேயே கேட்பு ஒரு லட்சத்தைத் தொட்டது.

ஈதர்நெட் சாக்கெட்டை மாற்றி, சி.இ. சான்றிதழ் வாங்கி, ஏப்ரலில் போர்டுகள் வாங்கியவர் கைக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே கிரெடிட் கார்டு அளவில் ஒரு பச்சைப் பலகை மட்டும் இருந்தது. மேலுறை கிடையாது, பவர் அடாப்டர் கிடையாது, எஸ்.டி. கார்டு கிடையாது. விண்டோஸ் அதில் ஓடாது. 35 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,700 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளை டிவியில் செருகினால் திரை கறுப்பாகவே இருந்தது.

அதில் ஏற்ற ஓர் இயங்குதளம் வேண்டும். எது? கேட்க எளிய கேள்விதான். ஆனால் பையின் வரலாற்றிலேயே அதிக உழைப்பை வாங்கியது இந்தக் கேள்வி. ஒரு போர்டின் விலையைத் தொழிற்சாலை முடிவு செய்துவிடலாம். அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது மென்பொருளின் கையில் இருக்கிறது. விலையைக் குறைப்பதற்காக எடுத்த ஒரு முடிவின் பாரம் மென்பொருள் பக்கம் வந்து விழுந்தபோது, அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் சம்பளம் வாங்காத சிலர். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

முதலில் விழிப்பது யார்?

வழக்கமான கணினியில் பவர் பட்டனை அழுத்தியதும் சி.பி.யூ. வேலையைத் தொடங்கும். பையில் கதை வேறு. அதன் நடுவில் இருந்தது பிராட்காம் நிறுவனத்தின் பி.சி.எம். 2835 என்ற சிப். வீடியோ ஓட்டும் கருவிகளை மனதில் வைத்து வடிவமைத்தது. அதன் பெரும்பகுதியை வீடியோகோர் என்ற கிராஃபிக்ஸ் பிரிவு எடுத்துக்கொண்டிருந்தது. ஆர்ம் சி.பி.யூ. அதில் ஓரமாக இடம்பிடித்த துணைப் பாத்திரம்.

மின்சாரம் வந்ததும் விழிப்பது வீடியோகோர். எஸ்.டி. கார்டின் முதல் பகுதியில் ‘பூட்கோட்’ என்ற சிறு கோப்பைத் தேடி எடுக்கும். அது ‘ஸ்டார்ட்’ என்ற இன்னொரு கோப்பை ஏற்றும். அந்தக் கோப்புக்குள் இருப்பது த்ரெட்எக்ஸ் என்னும் தனி இயங்குதளம். அது ‘கான்ஃபிக்’ என்ற எழுத்துக் கோப்பைப் படித்து, எந்தத் திரை, எவ்வளவு வேகம், எவ்வளவு நினைவகம் என்று முடிவு செய்து, லினக்ஸ் கெர்னலை நினைவகத்தில் வைத்த பிறகுதான் ஆர்ம் சி.பி.யூ.வைத் தட்டி எழுப்பும். பை வாங்கியவர்கள் எல்லோரும் தாங்கள் லினக்ஸ் ஓட்டுவதாக நினைத்தார்கள். அதற்கு முன்பும், அது ஓடும்போது அடியிலும், மூல நிரலை யாருக்கும் காட்டாத ஒரு மூடிய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் போர்டில் மொத்த நினைவகம் 256 மெகாபைட். அதையும் சி.பி.யூ.வும் வீடியோகோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்கு பிரித்த விதம் வேடிக்கையானது. கார்டில் மூன்று ‘ஸ்டார்ட்’ கோப்புகள் இருக்கும். ஒன்று சி.பி.யூ.வுக்கு 128 கொடுக்கும், இன்னொன்று 192, மூன்றாவது 224. எது வேண்டுமோ அதைப் பிரதி எடுத்து ‘ஸ்டார்ட்’ என்று பெயர் மாற்றி வைத்து, போர்டை அணைத்துப் போட வேண்டும். சினிமா பார்க்க ஒரு பங்கு, நிரல் எழுத ஒரு பங்கு என்று நாளுக்கு இரண்டு முறை கோப்பின் பெயரை மாற்றியவர்கள் உண்டு. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும் என்ற வசதி பின்னால்தான் வந்தது.

உபுண்டு ஏன் வரவில்லை?

2011 மே மாதம் பி.பி.சி.யின் தொழில்நுட்பச் செய்தியாளர் ரோரி செல்லன்-ஜோன்ஸ் ஒரு காணொளி வெளியிட்டார். ‘எலைட்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரும் பை அறக்கட்டளையின் நிறுவனர்களில் ஒருவருமான டேவிட் பிராபன், பென்டிரைவ் அளவு முன்மாதிரி ஒன்றை அதில் காட்டினார். அந்த நாட்களில் அறக்கட்டளை வெளியிட்ட விவரப் பட்டியலில் மென்பொருள் என்ற இடத்தில் உபுண்டு இருந்தது. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த போர்டில் உபுண்டு ஓடவில்லை.

காரணம் சிப். பை அறக்கட்டளையின் இன்னொரு நிறுவனரான எபன் அப்டன் பிராட்காமில் வேலை பார்த்தவர். பி.சி.எம். 2835 அவருக்கு நன்கு தெரிந்த சிப், விலையும் கட்டுப்படியானது. ஆனால் அதிலிருந்த ஆர்ம்1176 சி.பி.யூ. 2012லேயே பழைய சரக்கு. 2007ல் வந்த முதல் ஐபோனில் இருந்ததும் அதே சி.பி.யூ.தான். அது புரிந்துகொள்ளும் கட்டளைத் தொகுப்புக்கு ஆர்ம்-வி6 என்று பெயர். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் செல்போன் உலகம் ஆர்ம்-வி7க்குத் தாவிவிட்டது. உபுண்டுவும் 2010 ஏப்ரல் பதிப்பிலிருந்து வி7க்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தது. புதிய போன்களையும் டேப்லெட்களையும் பார்த்து எடுத்த நியாயமான முடிவு அது. பழைய சிப்பை வைத்துக்கொண்டு இப்படி ஒரு போர்டு லட்சக்கணக்கில் விற்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

அறக்கட்டளை வேறு கதவுகளைத் தட்டியது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள செனிகா கல்லூரிக் குழு ஃபெடோரா 14ஐ பைக்காகத் தயார் செய்து கொடுத்தது. ஆர்ச் லினக்ஸும் வந்தது, டெபியனும் வந்தது. சில வாரங்களில் பெரும்பாலோர் டெபியன் பக்கம் ஒதுங்கினார்கள்.

1993ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பல்லாயிரக்கணக்கான மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டி ஒரே களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். பள்ளி மாணவனுக்கு ஸ்கிராட்ச் வேண்டுமா, ஆசிரியருக்கு பைத்தான் வேண்டுமா, ஒரே ஒரு கட்டளையில் வந்து இறங்கும். பை யாருக்காக உருவானதோ அவர்களுக்குத் தோதானது. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது.

இரண்டு டெபியன்களுக்கு நடுவே

ஆர்ம் சிப்களுக்காக டெபியனில் அப்போது இரண்டு கிளைகள் இருந்தன. பழையதன் பெயர் ஆர்ம்எல். அது எந்தப் பழைய ஆர்ம் சிப்பிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஆர்ம்-வி4 காலக் கட்டளைகளோடு நின்றுகொண்டது. அதாவது 1990களின் நோக்கியா போன்களில் இருந்த சிப்புக்குத் தெரிந்த கட்டளைகள். புதிய கிளையின் பெயர் ஆர்ம்எச்எஃப். அது வேகமானது, ஆனால் வி7 கேட்டது. பையின் வி6 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆர்ம்எல் ஓடும், ஆனால் போர்டின் பலத்தில் ஒரு பகுதி வீணாகும். ஆர்ம்எச்எஃப் ஓடவே ஓடாது.

வீணானது எது? 3.14 போன்ற தசம எண்களைக் கூட்டிப் பெருக்குவதற்கென்று பையின் சி.பி.யூ.வில் தனி வன்பொருள் இருந்தது. பழைய ஆர்ம் சிப்கள் பலவற்றில் அது கிடையாது. எனவே ஆர்ம்எல் கிளை அந்த வன்பொருள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தசமப் பெருக்கலையும் முழு எண் கட்டளைகளாக உடைத்து, மென்பொருளாலேயே போட்டு முடிக்கும். இதற்குப் பெயர் சாஃப்ட் ஃப்ளோட். பாட்டு ஓட்டுவது, படம் சுருக்குவது, விளையாட்டில் கோணம் கணிப்பது என்று தசமம் நுழையும் இடமெல்லாம் போர்டு தவழ்ந்தது. பக்கத்திலேயே அந்த வேலைக்கான வன்பொருள் சும்மா உட்கார்ந்திருந்தது.

அந்த வன்பொருளைப் பயன்படுத்தச் சொல்லி நிரல்களைத் திரும்பத் தொகுத்தால் போதாதா? இங்கேதான் முடிச்சு. இரண்டின் வர்க்கமூலம் வேண்டும் என்று ஒரு நிரல் கணித நூலகத்தைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.0 என்ற எண்ணை எங்கே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. சாஃப்ட் ஃப்ளோட் வழக்கப்படி அதை முழு எண்களுக்கான ரெஜிஸ்டர்களில் வைக்க வேண்டும். ஹார்ட் ஃப்ளோட் வழக்கப்படி தசம எண்களுக்கான தனி ரெஜிஸ்டரில் வைக்க வேண்டும். நிரல் ஒரு வழக்கத்திலும் நூலகம் இன்னொரு வழக்கத்திலும் இருந்தால், நூலகம் வேறு இடத்தில் கையை விட்டு அங்கே கிடந்த பழைய குப்பையை எடுத்துக் கணக்குப் போடும். பிழைச் செய்தி வராது. விடை மட்டும் தப்பாக இருக்கும்.

வன்பொருளைப் பயன்படுத்திக்கொண்டே எண்களைப் பழைய இடத்தில் வைக்கும் நடுவழி ஒன்றும் இருந்தது. அதில் ஒவ்வொரு அழைப்பிலும் எண்களை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாற்ற வேண்டியிருந்ததால், கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு போக்குவரத்துச் செலவுக்கே போனது. முழுப் பலன் வேண்டுமென்றால் களஞ்சியம் முழுவதும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். இடப்பக்கம் வண்டி ஓட்டும் ஊர் வலப்பக்கத்துக்கு மாறுவதென்றால் லாரி இன்று, பஸ் நாளை என்று மாற முடியாது. எல்லோரும் ஒரே இரவில் மாற வேண்டும். அதே நிலைமைதான் இங்கேயும்.

இரண்டு பேரின் களம்

மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் ஆகிய இருவரும் முன்னின்று அந்த வேலையில் இறங்கினார்கள். பை அறக்கட்டளைக்கும் அவர்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. போர்டு பிடித்திருந்தது, டெபியனைத் தெரிந்திருந்தது, இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. வரவிருந்த டெபியன் 7, அதாவது ‘வீஸி’ பதிப்பின் மூல நிரல்களை எடுத்து, வி6 கட்டளைகள், ஹார்ட் ஃப்ளோட் வழக்கம் என்ற புதிய கலவையில் ஆரம்பத்திலிருந்து கட்டுவது என்று திட்டம். வைத்த பெயர் ராஸ்பியன்.

இவ்வளவு பெரிய வேலையை பையிலேயே செய்ய முடியாது. 256 மெகாபைட் நினைவகத்தில் ஒரு பெரிய பிரவுசரையோ அலுவலக மென்பொருளையோ தொகுத்து இணைப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். வேகமான இன்டெல் கணினியில் கட்டி எடுத்து வரலாமே என்றால், டெபியனின் நடைமுறை அதற்கு இடம் கொடுக்கவில்லை. பல பொதிகள் தங்களைக் கட்டும்போதே சின்னச் சோதனை நிரல்களை ஓட்டிப் பார்த்து அந்த விடையை வைத்து அடுத்த படியை முடிவு செய்யும். அந்தச் சோதனை ஆர்ம் சிப்பில்தான் ஓட வேண்டும். எனவே தாம்ப்சன் ஃப்ரீஸ்கேல் நிறுவனத்தின் ஐ.எம்.எக்ஸ்.53 போர்டுகளை வாங்கி வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் 1 கிகாஹெர்ட்ஸ் ஆர்ம் சி.பி.யூ., 1 ஜி.பி. நினைவகம். ஒரு பொதி முடிந்தால் அடுத்தது, அது உடைந்தால் திருத்தி மறுபடியும் என்று இரவு பகலாக ஓடின.

அடுக்கிய போர்டுகள் வி7 வகை. கட்ட வேண்டியது வி6க்கு. இந்த வித்தியாசம் நிறைய வேலை வைத்தது. கம்பைலரின் இயல்புநிலையை வி6 என்று மாற்றிவிட்டாலும், சில மென்பொருள்கள் தொகுக்கும்போது தாமாகவே சிப்பை எட்டிப் பார்த்து, ‘ஓ, வி7 இருக்கிறதே’ என்று சந்தோஷமாக வி7 கட்டளைகளைச் சேர்த்துக்கொள்ளும். சிலவற்றில் எழுதியவரே வி7 என்று கையால் எழுதி வைத்திருப்பார். கட்டிய போர்டில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பையில் ஏற்றினால் அந்தக் கட்டளை வரும் இடத்தில் ‘செல்லாத கட்டளை’ என்ற ஒற்றை வரியோடு நிரல் செத்து விழும். ஆகவே கட்டி முடித்த கோப்புகளைப் பிரித்து, உள்ளே வி7 கலப்படம் இருக்கிறதா என்று சலிக்கும் கருவிகளையும் சேர்த்தே உருவாக்க வேண்டியிருந்தது. கலப்படம் தெரிந்த பொதியின் கட்டும் விதியைத் திருத்தி மீண்டும் வரிசையில் நிறுத்துவார்கள்.

2012 ஜூனில் முதல் சுற்று முடிந்தது. 35,000க்கும் அதிகமான பொதிகள். ஜூலை 16ல் அறக்கட்டளை அதை ஏற்று, ‘ராஸ்பியன் வீஸி’யைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. டெபியன் தன்னுடைய வீஸியை 2013 மே 4ல்தான் வெளியிட்டது. மூலப் பதிப்பு வருவதற்கு ஏறத்தாழ பத்து மாதம் முன்பே அதன் வழித்தோன்றல் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஓடத் தொடங்கியிருந்தது.

நுணுக்கமான ஒரு விடுபடல் மட்டும் இருந்தது. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா அப்போது சாஃப்ட் ஃப்ளோட் வழக்கத்தை மட்டுமே அறிந்திருந்தது. மூல நிரல் வெளியார் கையில் இல்லாததால் யாராலும் அதைத் திரும்பக் கட்ட முடியவில்லை. ஜாவா வேண்டியவர்களுக்காகவே பழைய வழக்கத்தில், கார்டில் எழுதுவதற்கான ஒரு தனி வீஸி படக் கோப்பையும் அறக்கட்டளை வைத்திருந்தது. 2013ல் ஆரக்கிள் ஹார்ட் ஃப்ளோட் ஜாவாவைக் கொடுத்த பிறகு அது ராஸ்பியனுக்குள் வந்தது. மூல நிரல் கையில் இருந்த 35,000 பொதிகளையும் சில மாதத்தில் தன்னார்வலர்கள் மாற்றிவிட்டார்கள். மூல நிரல் இல்லாத ஒன்றுக்காக எல்லோரும் ஒரு வருடம் காத்திருந்தார்கள்.

முதல் மாலை

ராஸ்பியனை முதன்முதலில் ஏற்றியவரின் அனுபவம் எப்படி இருந்தது? கோப்பை இறக்கி, எஸ்.டி. கார்டில் நேரடியாக எழுத வேண்டும். லினக்ஸில் அதற்கு ‘டி.டி.’ என்ற கட்டளை. கார்டின் பெயருக்குப் பதில் தவறி ஹார்ட் டிஸ்க்கின் பெயரைக் கொடுத்துவிட்டால், அது கேள்வி கேட்காமல் ஹார்ட் டிஸ்க்கை அழித்து அதன்மேல் எழுதிவிடும். கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தால் திரையில் வானவில் நிறத்தில் ஒரு சதுரம் தோன்றும். அது வீடியோகோரின் முகவரிச் சீட்டு. பிறகு ராஸ்பெர்ரிப் பழ லோகோ, அதன் கீழே வரிவரியாக ஓடும் எழுத்துகள், கடைசியில் நீலத் திரையில் ஒரு பட்டியல்.

அந்தப் பட்டியலின் பெயர் ராஸ்பி-கான்ஃபிக். எழுதியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அலெக்ஸ் பிராட்பரி. பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட வேலைகள் எல்லாம் அதில் ஒவ்வொரு வரியாக அடங்கின. 2 ஜி.பி. கார்டுக்காகச் செய்த படத்தை 8 ஜி.பி. கார்டில் ஏற்றினால் மீதி 6 ஜி.பி. கண்ணுக்கே தெரியாது. முன்பு அதைக் கையால் பகுதி பிரித்து மீட்க வேண்டும். இப்போது ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். கீபோர்டு பிரிட்டிஷ் அமைப்பில் வரும். பைத்தானில் குறிப்பு எழுத ஹேஷ் குறியை அழுத்தினால் பவுண்டு குறி விழும். மேற்கோள் குறியும் ‘அட்’ குறியும் இடம் மாறியிருக்கும். அமெரிக்க அமைப்பு கீபோர்டு வைத்திருந்த எல்லோரும், நம் ஊர்க்காரர்கள் உட்பட, முதலில் திருத்தியது அதைத்தான். ‘பை’ என்ற பயனர், ‘ராஸ்பெர்ரி’ என்ற கடவுச்சொல். உலகம் முழுவதும் அதே. இந்த எளிமை பின்னால் வினையானதைக் கீழே பார்ப்போம்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. ஈதர்நெட்டும் யு.எஸ்.பி. வழியாகவே போனதால் யு.எஸ்.பி. பகுதிக்குச் சுமை அதிகம். அதைக் கவனிக்க சி.பி.யூ. நொடிக்கு 8,000 முறை கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு ஓட வேண்டியிருந்தது. கொஞ்சம் தாமதித்தாலும் தகவல் தவறிவிடும். கீபோர்டில் ஒரு முறை அழுத்திய எழுத்து பத்து முறை விழுவது, பாட்டு இடையில் வெட்டுவது எல்லாம் இதன் விளைவு. ஆர்ம் சிப்பில் அவசரக் குறுக்கீட்டுக்கென்று இருக்கும் தனி வழியைப் பயன்படுத்தி அந்த டிரைவரைத் திரும்ப எழுதிய பிறகு நிலைமை தேறியது. ஏற்கெனவே விற்றுப்போன போர்டுகளும் ஒரு அப்டேட்டில் சரியாயின.

வேறு விருந்தாளிகள்

ராஸ்பியன் மட்டும்தான் என்றில்லை. 2012 நவம்பரில் ரிஸ்க் ஓ.எஸ். பைக்கு வந்தது. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1987ல் ஆர்க்கிமிடீஸ் கணினிக்காக உருவாக்கிய இயங்குதளம் அது. ஆர்ம் சிப்பை முதலில் வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் இருந்த அதே ஏகார்ன். லினக்ஸ் படம் ஜிகாபைட் கணக்கில் இடம் கேட்டபோது, ரிஸ்க் ஓ.எஸ். சில மெகாபைட்டில் அடங்கி, சில நொடிகளில் திரைக்கு வந்தது. பிரவுசர் முதல் எல்லாவற்றிலும் காலத்தால் பின்தங்கியிருந்தாலும், பழைய ஏகார்ன் ரசிகர்களுக்கு அது ஒரு வீடு திரும்பல்.

இன்னொரு பெரிய கூட்டம் பையை டிவி பெட்டியாக்கியது. எக்ஸ்.பி.எம்.சி. என்ற ஊடக மென்பொருளைச் சுமந்த ஓப்பன்எலெக், ராஸ்ப்பிஎம்சி ஆகியவை அவர்களுக்காக வந்தன. வீடியோகோரின் பலம் அங்கே தெரிந்தது. சி.பி.யூ. திணறும் போர்டில் முழு எச்.டி. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் பழைய டிவிடி படங்களில் இருக்கும் எம்பெக்-2 வடிவத்தை ஓட்டக் காப்புரிமைக் கட்டணம் கட்ட வேண்டும். எல்லா போர்டிலும் அதைச் சேர்த்தால் விலை ஏறிவிடும். எனவே 2012 ஆகஸ்டில் அதைத் தனி உரிமமாக 2.40 பவுண்டுக்கு விற்றார்கள். வி.சி.-1 வடிவத்துக்கு 1.20 பவுண்டு. உரிமச் சாவி அந்த ஒரு போர்டின் வரிசை எண்ணுக்கு மட்டும் பொருந்தும். தேவைப்படுபவர் மட்டும் கொடுத்தால் போதும் என்பதால் 35 டாலர் 35 டாலராகவே நின்றது.

ஒரே கார்டு

2015 பிப்ரவரியில் பை 2 வந்தது. நான்கு கோர், ஆர்ம்-வி7. மூன்று வருடமாக மனிதர்களை வாட்டிய சிக்கல் அந்த போர்டில் இல்லை. டெபியனின் ஆர்ம்எச்எஃப் அதில் அப்படியே ஓடும். உபுண்டுவும் வந்தது, மைக்ரோசாஃப்ட் கூட விண்டோஸ் 10 ஐ.ஓ.டி. கோர் என்ற பதிப்பை இலவசமாகக் கொடுத்தது. ராஸ்பியனின் தேவை அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு.

அறக்கட்டளை ராஸ்பியனிலேயே நின்றது. பை 2ல் எழுதிய கார்டை உருவி பை 1ல் செருகினாலும் ஓட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பள்ளியில் பத்து போர்டு இருந்தால் அதில் மூன்று வகை இருக்கும். எந்த கார்டு எதற்கு என்று ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கெர்னல் மட்டும் இரண்டு விதமாக ஒரே கார்டில் இருந்தது. போர்டைப் பார்த்துப் பொருத்தமானதை வீடியோகோர் எடுத்துக்கொண்டது. புதிய போர்டின் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பழைய போர்டைக் காப்பாற்றினார்கள்.

அந்த முடிவின் பலன் அதே வருடம் நவம்பர் 26ல் தெரிந்தது. 5 டாலருக்கு பை ஜீரோ வந்தது. ‘மேக்பை’ இதழின் 40ஆவது எண் அதை அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தது. அந்த விலை எப்படிக் கட்டுப்படியானது? உள்ளே இருந்தது பழைய பி.சி.எம். 2835, அதே ஆர்ம்-வி6. வேகம் மட்டும் 1 கிகாஹெர்ட்ஸ். ராஸ்பியன் இல்லாமல் அந்த போர்டைப் பெட்டியில் போட்டு விற்றிருக்க முடியாது. 2012ல் இரவு பகலாகக் கட்டிய பொதிகள், மூன்று வருடம் கழித்து உலகின் மிக மலிவான கணினிகளில் ஒன்றைச் சாத்தியமாக்கின.

இதே காலத்தில் மற்ற போர்டுகளின் நிலையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2012ல் 49 டாலருக்கு வந்த கியூபிபோர்டில் பையை விட நான்கு மடங்கு நினைவகம், ஆல்வின்னர் ஏ10 என்ற வி7 சிப், ஹார்ட் டிஸ்க் செருக சாட்டா இணைப்பு எல்லாம் இருந்தன. பின்னால் வந்த பனானா பை, ஆரஞ்சு பை போர்டுகளும் காகிதத்தில் பையை மிஞ்சின. ஆனால் ஆல்வின்னர் சிப்களோடு வந்த கெர்னல் 3.4. அது 2012 மே மாதத்துச் சரக்கு. 2015ல் வந்த ஆரஞ்சு பையும் அதே 3.4ஐத்தான் சுமந்து வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள், புதிய வை-ஃபை டிரைவர்கள் எதுவும் எளிதில் ஏறாது. லினக்ஸ்-சன்க்ஸி என்ற தன்னார்வலர் குழுவும் ஆர்ம்பியன் திட்டமும் வந்து அந்தச் சிப்களைப் புதிய கெர்னலுக்கு இழுத்துவர வருடங்கள் ஆயின. அதுவரை அவற்றில் பல மேஜை இழுப்பறைக்குப் போய்விட்டன. பை 2012ல் 3.1.9 கெர்னலோடு தொடங்கி, 2025ல் 6.12க்கு வந்திருக்கிறது. 32-பிட் பதிப்பு இன்றும் 2012ன் முதல் போர்டில் ஏறும்.

பெயர் மாறியது

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2016 செப்டம்பரில் சைமன் லாங் செப்பனிட்ட பிக்சல் மேஜைத்திரை வந்து ராஸ்பியனுக்குப் பார்க்கத்தக்க முகம் கொடுத்தது. அதே ஆண்டு, ஊரறிந்த கடவுச்சொல் கொண்ட கருவிகளைத் தேடிப் பிடித்து அடிமையாக்கும் மிராய் என்ற வைரஸ் இணையத்தைக் கலக்கியது. உலகம் முழுக்க ‘பை’, ‘ராஸ்பெர்ரி’ என்று இருந்த போர்டுகளுக்கு அது எச்சரிக்கை மணி. நவம்பரில், வெளியிலிருந்து உள்ளே நுழையும் எஸ்.எஸ்.எச். வசதியை இயல்பாக அணைத்து வைத்தார்கள். ‘பை’ என்ற பொதுப் பயனரையே நீக்கியது 2022 ஏப்ரலில்.

2016ல் வந்த பை 3ன் சி.பி.யூ. 64-பிட். இயங்குதளமோ 32-பிட்டிலேயே நின்றது, காரணம் அதே ஒற்றைக் கார்டு கொள்கை. 2020 மே 28ல் 8 ஜி.பி. நினைவகத்தோடு பை 4 வந்தபோது அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. 32-பிட்டில் ஒரு நிரல் 3 ஜி.பி.க்கு மேல் தொட முடியாது. அன்றே 64-பிட் சோதனைப் பதிப்பு வந்தது. அது ராஸ்பியன் களஞ்சியத்தைத் தொடாமல் டெபியனின் 64-பிட் பொதிகளை நேராக எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் பொதுவாக ‘ராஸ்பெர்ரி பை ஓ.எஸ்.’ என்ற பெயரும் அன்றே சூட்டப்பட்டது. 64-பிட் பதிப்பு சோதனைக் கட்டத்தைத் தாண்டியது 2022 பிப்ரவரி 2ல்.

ராஸ்பியன் என்ற பெயர் முகப்பிலிருந்து மறைந்தது. பெயர் மாறிய பிறகும் 32-பிட் பதிப்பு ராஸ்பியன் பொதிகளின் மேல்தான் நின்றது. அடியில் இருப்பது யார் உழைப்பு என்று தெரியாமலே லட்சக்கணக்கானவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். கணக்கெழுதிப் பார்த்தால் 35 டாலரில் சிப்புக்கு, நினைவகத்துக்கு, சாக்கெட்டுக்கு, கூலிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். தாம்ப்சனும் கிரீனும் செய்த வேலைக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அந்த வரியைச் சேர்த்திருந்தால் அது 35 டாலர் போர்டாக இருந்திருக்காது. மலிவான கணினி என்று நாம் கொண்டாடும் எதையும் விலைப்பட்டியலை மட்டும் வைத்து எடை போட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் திறந்த மென்பொருளால் கட்டிய இந்த வீட்டின் அஸ்திவாரத்தில் ஓர் அறை பூட்டியே கிடந்தது. முதலில் விழித்துக்கொள்ளும் வீடியோகோருக்குள் என்ன நடக்கிறது என்று பிராட்காமைத் தவிர யாருக்கும் தெரியாது. 2014 பிப்ரவரியில் பிராட்காம் அதன் முப்பரிமாணப் பகுதியின் ஆவணங்களை வெளியிட்டது. கையோடு, அதை வைத்து க்வேக் 3 விளையாட்டை பையில் சரளமாக ஓட்டிக் காட்டுபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறக்கட்டளை அறிவித்தது. பரிசை வென்றவர் யார், பூட்டு எந்த அளவுக்குத் திறந்தது? அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)